மூன்று இயங்குதளங்களுக்கு ஒரே சாளரம்: கோப்புப் பெயர்மாற்றி கட்டிய அனுபவம்

டெஸ்க்டாப் செயலி எழுதப் பழக விரும்புகிறவர்களிடம் முதலில் ஒரு கணிப்பான் செய்யச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணிப்பானில் பொத்தான்களை அடுக்கப் பழகலாம், அவ்வளவுதான். வட்டில் இருக்கும் கோப்புகள், நேரம் பிடிக்கும் வேலை, ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட அட்டவணை, பாதியில் பயனர் அழுத்தும் 'நிறுத்து' இவை எதுவும் அதில் வராது. அதனால் எனக்கே தேவைப்பட்ட ஒரு கருவியை எடுத்துக்கொண்டேன். ஒரு கோப்புறையில் இருக்கும் ஸ்கேன் பக்கங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் மொத்தமாகத் தமிழில் பெயர் வைக்க வேண்டும். இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதுப்பெயர், கீழே 'பெயர் மாற்று' என்று ஒரு பொத்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டும்.

ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: எந்தப் புது அம்சத்தையும் மூன்று இயங்குதளங்களிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவது. 'முதலில் ஒன்றில் முடிப்போம், மற்றதைப் பிறகு பார்க்கலாம்' என்று போயிருந்தால், கீழே எழுதியிருப்பவற்றில் பாதி கடைசியில்தான் தெரிய வந்திருக்கும்.

கருவித்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தது

நிரலை எழுதியது பைத்தான் மொழியில். சாளரமும் பொத்தானும் கட்டித் தரும் கருவித்தொகுப்புகளில் பைத்தானோடு கூடவே வருவது டிகின்டர். அதனடியில் இருக்கும் டிகே, ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கியது. 1990களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, சிறியது, கற்க எளியது. ஆனால் தமிழுக்கு ஒரு தடை உண்டு. லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காமல் வந்த வரிசையிலேயே வைத்துவிடுகிறது. 'கெ' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். விண்டோஸில் இதே நிரல் சரியாகக் காட்டும். தமிழ்ப் பெயர்களைக் காட்டுவதே வேலையாக இருக்கும் கருவிக்கு இது ஒத்துவராது.

அடுத்து டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் 1992இல் தொடங்கியது. இதன் கொள்கை எனக்குப் பிடிக்கும்: அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தானையும் பட்டியலையுமே எடுத்துத் தரும். மூன்றாவது தொகுப்பான க்யூடியின் (Qt) வழி வேறு. பொத்தானைத் தானே வரைந்து, இயங்குதளத்தின் தோற்றத்துக்கு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளும். நார்வேயில் ஹாவார்ட் நோர்டும் ஐரிக் சாம்பே-எங்கும் 1991இல் எழுதத் தொடங்கினார்கள். முதல் பொது வெளியீடு 1995இல் வந்தது. எழுத்துகளை வடிவமைக்க அது ஹார்ஃப்பஸ் நூலகத்தைக் கூடவே எடுத்து வருவதால் தமிழ் மூன்று இடத்திலும் ஒழுங்காக வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே க்யூடியை எடுத்தேன்.

பைத்தானிலிருந்து க்யூடியைப் பயன்படுத்த பைக்யூடி, பைசைட் என்று இரண்டு வழிகள் உண்டு. நிரல் எழுதும் முறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், உரிமம்தான் வேறு. பைக்யூடி6 ஜிபிஎல் (வெளியிடும் நிரலின் மூலத்தையும் திறந்து தரக் கேட்கும் உரிமம்) அல்லது கட்டண உரிமம். பைசைட்6 அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லிலும் கிடைக்கிறது. பின்னால் இந்தக் கருவியை எப்படி வெளியிட்டாலும் கையைக் கட்டாமல் இருக்கட்டும் என்று பைசைட்6.

கட்டுப்பாட்டை ஒப்படைப்பது

கட்டளைவரி நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே முதலில் மாற வேண்டியது சிந்தனை. அங்கே எது முதலில், எது அடுத்து என்று முடிவு செய்வது நம் நிரல். இங்கே சாளரத்தைக் கட்டி, 'இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தச் செயல்கூற்றைக் கூப்பிடு' என்று இணைத்துவிட்டு, கடைசி வரியில் நிகழ்வுச் சுழலிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறோம். அதன்பின் சுட்டி அசைவு, விசை அழுத்தம், சாளரத்தை மறுபடி வரைவது எல்லாமே அந்தச் சுழல் வழியாகத்தான் நடக்கும். நம் செயல்கூறு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சுழல் காத்திருக்கும். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், சாளரம் ஏன் உறைகிறது என்ற கேள்விக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

க்யூடியில் இந்த இணைப்புக்கு சிக்னல், ஸ்லாட் என்று பெயர்: நிகழ்வை அறிவிப்பது சிக்னல், அதைக் கேட்டு ஓடும் செயல்கூறு ஸ்லாட். பைத்தானில் எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒரு செயல்கூற்றுக்குள் சாளரத்தை உருவாக்கி, அதை உள்ளூர் மாறியில் மட்டும் வைத்திருந்தால், செயல்கூறு முடிந்ததும் பைத்தான் அந்தப் பொருளை அழித்துவிடும். சாளரம் ஒரு கணம் மின்னிவிட்டுக் காணாமல் போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. இன்னொன்று, பொத்தானின் 'கிளிக்டு' சிக்னல் சும்மா வருவதில்லை, 'அழுந்திய நிலையில் உள்ளதா' என்ற உண்மை/பொய் மதிப்பையும் சேர்த்தே அனுப்பும். சுழற்சியில் பல பொத்தான்களை உருவாக்கி, லாம்டாவில் (பெயரில்லாத சிறு செயல்கூறு) இயல்புமதிப்பாக எண்ணைப் பிடித்து வைத்தால், அந்த எண்ணின் இடத்தில் 'பொய்' வந்து உட்கார்ந்துகொள்ளும். லாம்டாவின் முதல் அளபுருவை அந்த மதிப்புக்கென்று ஒதுக்கிவிட்டால் போதும்.

அளவுகளை எழுதாதீர்கள்

'பொத்தான் அகலம் 80 பிக்சல்' என்று எழுதும் பழக்கத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் இரண்டு சொல்லாக வரும். எழுத்துருவும் மூன்று இடத்தில் மூன்று. விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம், லினக்ஸில் நோட்டோவோ லோஹித்தோ, எது இருக்கிறதோ அது. ஒவ்வொன்றின் உயரமும் அகலமும் வேறு. அட்டவணை வரியின் உயரத்தை ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் நிறுத்திப் பார்த்தேன்: ஒரு கணினியில் 'ழு'வின் வால் வெட்டுப்பட்டது, இன்னொன்றில் அதே வரி சரியாக இருந்தது.

லேஅவுட் என்பது இதற்காகத்தான். எது எதற்குப் பக்கத்தில், எது விரியலாம், எது விரியக் கூடாது என்பதை மட்டும் சொன்னால் போதும். எண்களை அது கணக்கிட்டுக்கொள்ளும். வரி உயரத்தை எழுத்துருவின் அளவைக் கேட்டு வாங்கி அமைத்தேன். நோட்டோ தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் இருப்பதால் அதையும் செயலியோடு சேர்த்துவிட்டேன். தமிழ் எழுத்துருவே இல்லாத லினக்ஸ் கணினியிலும் இனிக் கட்டம் கட்டமாகத் தெரியாது.

நிறங்களுக்கும் இதே கதைதான். பின்னணியை மட்டும் வெள்ளை என்று எழுதிவிட்டு எழுத்தின் நிறத்தை விட்டுவிட்டால், இருண்ட தோற்றம் வைத்திருப்பவர் திரையில் வெள்ளை மேல் வெள்ளையாக ஒன்றும் தெரியாது. ஒன்று இரண்டையும் நாமே சொல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் இயங்குதளத்தின் நிறத்தட்டில் இருந்தே எடுக்க வேண்டும். க்யூடி அதற்கு பேலட் என்று ஒன்றை வைத்திருக்கிறது.

தட்டச்சு பற்றி ஒன்று. புதுப்பெயர் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் வார்ப்புருவைப் பயனர் தட்டத் தட்ட வலப்பக்கப் பெயர்கள் உடனே மாறிக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு விசை அழுத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் தமிழுக்கு வேலை செய்யாது. தமிழ் உள்ளீட்டு மென்பொருள் பல விசைகளைச் சேர்த்து ஓர் எழுத்தாக்கித் தருகிறது. விசைக்கும் எழுத்துக்கும் ஒன்றுக்கொன்று உறவில்லை. உரைப்பெட்டியின் 'உரை மாறியது' என்ற சிக்னலை மட்டும் கேட்டால் போதும், எந்த விசைப்பலகையாக இருந்தாலும் சரியாக நடக்கும்.

அட்டவணையும் த்ரெட்டும்

அட்டவணைக்கு க்யூடியில் எளிய வழி ஒன்று, கொஞ்சம் உழைக்க வேண்டிய வழி ஒன்று. எளிய வழியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொருளை உருவாக்கி வைக்க வேண்டும். சில நூறு கோப்புகள் வரை பரவாயில்லை. இன்னொன்று மாடல்-வியூ. எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை, இந்தக் கட்டத்தில் என்ன என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு வகுப்பை எழுதுகிறோம். திரையில் தெரியும் வரிகளுக்கு மட்டும் வியூ வந்து கேட்டுக்கொள்ளும். தரவு என் பட்டியலில்தான் இருக்கிறது, திரையில் அதன் நகல் எதுவும் கிடையாது. பெரிய கோப்புறையைத் திறந்து வார்ப்புருவை மாற்றும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மாடல்-வியூவைக் கடினமான பாடம் என்று தள்ளிப்போடாமல் முதல் அட்டவணையிலேயே கற்றுவிடச் சொல்வேன்.

சாளரம் உறையாமல் இருக்க, கோப்புறையை வாசிப்பதையும் பெயர் மாற்றுவதையும் தனி த்ரெட்டுக்கு, அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு இழைக்கு, மாற்றினேன். விதி கண்டிப்பானது: சாளரத்தில் உள்ள எதையும் முதன்மை த்ரெட் மட்டுமே தொட வேண்டும். வேலை செய்யும் த்ரெட் சிக்னல் அனுப்பலாம். க்யூடி அதை வரிசையில் போட்டு, முதன்மை த்ரெட்டின் சுழல் வரும்போது ஸ்லாட்டைக் கூப்பிடும். ஆனால் ஒரு கோப்புக்கு ஒரு சிக்னல் என்று அனுப்பினால் அந்த வரிசையே நிரம்பி, த்ரெட் இருந்தும் சாளரம் திணறும். கோப்புகளைச் சேர்த்து வைத்து, வினாடிக்குச் சில முறை மட்டும் மொத்தமாக அனுப்பினேன். 'நிறுத்து' பொத்தானுக்கு த்ரெட்டைக் கொல்ல முயலக் கூடாது. நிறுத்தச் சொல்லி ஒரு குறியை வைப்பது, ஒவ்வொரு கோப்புக்கும் முன் அதைப் பார்ப்பது, இரண்டு பெயர்களுக்கு நடுவே மட்டும் நிற்பது.

கோப்புப் பெயர் என்னும் பெரிய பாடம்

சாளரத்தைக் க்யூடி பார்த்துக்கொள்ளும். கோப்புப் பெயரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போனது.

பைத்தானின் பெயர்மாற்றக் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் விண்டோஸில் அது பிழை எழுப்பி நின்றுவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் இருந்த கோப்பைச் சத்தமில்லாமல் மேலெழுதிவிடும். ஒரே வரி நிரல், ஒரு கணினியில் பாதுகாப்பானது, இன்னொன்றில் தரவை அழிப்பது. எல்லா மோதல்களையும் நிரல் முன்கூட்டியே சோதித்து, மோதும் வரிகளை அட்டவணையில் குறித்துக் காட்டி, அவை தீரும்வரை பொத்தானைச் செயலிழக்க வைப்பது என்று முடிவு செய்தேன். இந்தச் சோதனை எழுதி முடிக்கும்வரை உண்மையான கோப்புகள் பக்கம் கருவியை விடவில்லை, நகல்களில்தான் ஓட்டினேன்.

சோதனையிலும் ஒரு சிக்கல். விண்டோஸும் மேக்கும் இயல்பாக ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. விரிவொட்டை ('.JPG' போன்ற பெயரின் கடைசிப் பகுதி) பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துக்கு மாற்றும்போது, 'அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று பதில் வரும், ஏனென்றால் அது அதே கோப்பு. இரண்டு பாதையும் ஒரே கோப்பைக் குறிக்கிறதா என்று கேட்கும் கட்டளை பைத்தானில் தனியாக உண்டு. அதைத்தான் கேட்க வேண்டும்.

'அ' என்ற கோப்பை 'ஆ' என்றும், 'ஆ'வை 'அ' என்றும் மாற்றச் சொன்னால்? வரிசையாகப் போனால் எந்த வரிசையிலும் மோதும். அதனால் இரண்டு கட்டமாகச் செய்தேன். முதலில் எல்லாவற்றுக்கும் தற்காலிகப் பெயர், பிறகு எல்லாவற்றுக்கும் இறுதிப் பெயர். நடுவில் மின்சாரம் போனால் கோப்புகள் தற்காலிகப் பெயரில் நின்றுவிடும். ஆகையால் முதல் கோப்பைத் தொடும் முன்பே முழுத் திட்டத்தையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதி வைக்கிறது கருவி. அந்தப் பதிவை எழுதும்போது குறிமுறை (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விண்டோஸில் பைத்தான் வட்டாரக் குறிமுறையை எடுத்துக்கொள்ளும். அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான சிபி1252ஆக இருந்தால் தமிழுக்கு அதில் இடமே இல்லை, முதல் பெயரிலேயே பிழை விழும்.

இனி தமிழுக்கே உரிய ஒன்று. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது ககரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். மேக்கின் பழைய கோப்பு முறைமையான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வந்த கோப்புறையை லினக்ஸில் வைத்தால், 'கோயில்' என்று தேடினாலும் கண்ணெதிரே இருக்கும் 'கோயில்' கிடைக்காது. பார்வைக்கு ஒரே பெயர் கொண்ட இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் இருக்கவும் முடியும்.

தீர்வு, ஒப்பிடும்போதெல்லாம் இரண்டு பெயரையும் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சிக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுவது. புதுப்பெயர்களையும் அந்த வடிவிலேயே எழுதுவது. ஆனால் பழைய பெயரைத் தொடவே கூடாது. வட்டில் இருக்கும் கோப்பைத் திறக்கவோ மாற்றவோ இயங்குதளம் கொடுத்த பெயரை அப்படியேதான் திருப்பித் தர வேண்டும். அழகுபடுத்திக் கொடுத்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வரும். என் மாடலில் ஒவ்வொரு வரிக்கும் வட்டுப் பெயர், காட்டும் பெயர் என்று இரண்டு புலங்கள் இருப்பது இதனால்தான்.

நீளத்துக்கும் வரம்பு உண்டு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'ஒலிப்பதிவு' நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 10 குறிகள். வட்டில் 30 பைட். அப்படியென்றால் முழுப் பெயரும் 85 தமிழ்க் குறிகளின் இடத்துக்குள் அடங்க வேண்டும், விரிவொட்டு உட்பட. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் வரம்பு 255 யுடிஎஃப்-16 அலகுகள், தமிழ்க் குறி ஒன்றுக்கு ஓர் அலகு. அங்கே தாராளமாக இடம்கொள்ளும் பெயர் லினக்ஸில் நுழையாது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்றவை விண்டோஸில் தடை. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ நிற்கக் கூடாது. கோப்புறைகள் கணினி விட்டுக் கணினி போய்க்கொண்டே இருக்கும் என்பதால், எந்த இயங்குதளத்தில் ஓடினாலும் மூன்றிலும் கண்டிப்பான விதி எதுவோ அதையே கருவி பின்பற்றுகிறது.

அகரவரிசை

பெயர்களுக்கு முன்னால் வரிசை எண் போடும் வசதி வேண்டும். வெறுமனே வரிசைப்படுத்தினால் யூனிகோட் எண்களின்படி வரும். அதில் னகரம் நகரத்துக்கு அடுத்து, றகரம் ரகரத்துக்கு அடுத்து. மலர், மழை, மறை, மனம் என்று வர வேண்டிய வரிசை மனம், மறை, மலர், மழை என்று வரும். புள்ளிக்கும் அதே கோளாறு. புள்ளிக் குறியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் பட்டம், படகு, படி என்பது படகு, படி, பட்டம் ஆகிவிடும்.

க்யூடியில் மொழிவாரியாக வரிசைப்படுத்தும் வகுப்பு இருக்கிறது. ஆனால் அது அடியில் இருக்கும் அமைப்பைச் சார்ந்தது. விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று. மூன்று இடத்திலும் ஒரே எண் விழ வேண்டிய கருவிக்கு இதை நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்தமாகவே எழுதினேன், பெரிய வேலையில்லை. முதலில் என்எஃப்சிக்கு மாற்றுவது. பிறகு ஒவ்வொரு மெய்யையும் க ங ச ஞ என்று தொடங்கி ழ ள ற ன என்று முடியும் மரபு வரிசையில் அதன் இடத்தால் குறிப்பது. கிரந்த எழுத்துகள் அதற்கு அப்பால். அந்த மெய்யை அடுத்து என்ன வருகிறது என்று பார்ப்பது: புள்ளியென்றால் 0, ஒன்றும் இல்லையென்றால் அகரம், அதனால் 1, கால் என்றால் 2, இப்படியே ஔகாரம் வரை. இந்த இரண்டு எண்களும் சேர்ந்ததே ஓர் எழுத்தின் திறவுகோல். இலக்கங்கள் தொடர்ந்து வந்தால் அவற்றை ஒரே எண்ணாக எடுத்துக்கொள்வது, அப்போதுதான் 'பக்கம் 2' 'பக்கம் 10'க்கு முன்னால் நிற்கும். இந்தக் கருவியிலேயே எனக்கு அதிக நிறைவு தந்த பகுதி இதுதான். சரியான அகரவரிசையில் கோப்புப் பட்டியலைப் பார்ப்பது அவ்வளவு நன்றாக இருக்கிறது.

ஒவ்வோர் இடத்தின் பழக்கம்

உரையாடல் பெட்டியில் விண்டோஸ் 'சரி'யை முன்னால் வைக்கும், 'ரத்து' பின்னால். மேக்கிலும், லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்திலும் தலைகீழ். பொத்தான்களை நாமே அடுக்காமல் பொத்தான் பெட்டியில் அவற்றின் பங்கைச் சொல்லிவிட்டால் வரிசையை க்யூடி பார்த்துக்கொள்ளும்.

மேக்கில் மெனு திரையின் உச்சியில் இருக்கும். 'பற்றி', 'அமைப்புகள்', 'வெளியேறு' மூன்றும் செயலியின் பெயரிலுள்ள மெனுவுக்குள் போக வேண்டும். க்யூடி இவற்றைப் பெயரைப் பார்த்து ஊகித்து இடம் மாற்றும். தமிழில் பெயர் வைத்தால் அந்த ஊகத்தை நம்ப முடியாது. ஒவ்வொரு மெனு உருப்படிக்கும் அதன் பங்கை வெளிப்படையாகக் குறித்ததும் மூன்றும் உரிய இடத்தில் வந்து அமர்ந்தன. லினக்ஸில் வேலண்ட் என்னும் திரைக்காட்சி அமைப்பில் ஓடும்போது சாளரம் தன் இடத்தைத் தானே தீர்மானிக்க முடியாது. போன முறை இருந்த அளவை மீட்கலாம், இடத்தை மீட்க முடியாது. அது அந்த அமைப்பின் வடிவமைப்பு, அதனுடன் மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டேன்.

பொதி கட்டுவது

பைத்தான் நிரலைத் தனித்து ஓடும் செயலியாகக் கட்டித் தரும் பைஇன்ஸ்டாலர், ஓர் இயங்குதளத்தில் இருந்துகொண்டு இன்னொன்றுக்குப் பொதி கட்டாது. விண்டோஸ் பொதியை விண்டோஸில்தான் கட்ட வேண்டும், மேக் பொதியை மேக்கில்தான். ஒரே கோப்பாகக் கட்டும் வசதி பார்க்க நேர்த்தி, ஆனால் திறக்கும் ஒவ்வொரு முறையும் தற்காலிக இடத்தில் எல்லாவற்றையும் விரித்துவிட்டுத்தான் தொடங்கும். கோப்புறையாகக் கட்டினால் உடனே திறக்கிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

முனையத்தில் ஓடும் நிரல் இரட்டைச் சொடுக்கில் ஓடாமல் போக ஒரு பொதுவான காரணம், நடப்புக் கோப்புறை. மேக்கில் ஃபைண்டரிலிருந்து திறந்தால் அது வட்டின் வேராக இருக்கும். எழுத்துருவையும் சின்னங்களையும் நடப்புக் கோப்புறையில் தேடாமல் நிரல் இருக்கும் இடத்திலிருந்து தேட வேண்டும். லினக்ஸ் பொதியைப் பழைய வெளியீடு ஒன்றில் கட்டினேன். பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்போடு கட்டியது பழைய கணினியில் ஓடாது. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். கையொப்பமிடாத செயலியை மேக்கும் விண்டோஸும் எச்சரித்து நிறுத்தும் என்பதால், அதை எப்படித் திறப்பது என்று பொதியோடு ஒரு குறிப்பும் வைத்திருக்கிறேன்.

பைத்தானே நிறுவாத கணினிகளில் இப்போது மூன்று பொதிகளும் திறக்கின்றன. அடுத்து, பெயர் மாற்றத்தை மறுநாள் வந்துகூடத் திரும்பப் பெறும் வசதியைச் சேர்க்கப் போகிறேன். திட்டப் பதிவு ஏற்கெனவே வட்டில் இருப்பதால், அதைத் தலைகீழாக வாசித்து, கோப்புகள் இன்னும் அதே பெயரில் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பின் மாற்றினால் போதும்.